மங்கலாகக் கனன்ற சார்ஜ் விளக்கு: ஒரு பழைய காரின் ஆல்டர்னேட்டர் பழுது

சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டியது சார்ஜ் விளக்கு. இங்கே விவரிக்கப்படும் காரில் அது பகலில் அணைந்ததாகவே தெரிந்தது. இரவில் ஹெட்லைட்டும் உள்விசிறியும் பின்கண்ணாடிச் சூடேற்றியும் ஒன்றாக ஓடும்போது மட்டும், சாம்பல் பூத்த தணலைப் போல மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருந்தது. உரிமையாளர் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கேட்ட பிறகுதான், "ஆமாம், ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது" என்றார். அவர் கொண்டுவந்த குறை வேறு. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறது, 14 மாதங்களில் இரண்டு முறை பேட்டரி மாற்றியும் திணறல் போகவில்லை என்பதுதான் அது.

கார் 1997-இல் தயாரான, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் பொருத்திய பெட்ரோல் வண்டி. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் அதன் ஆல்டர்னேட்டர் 55 ஆம்பியர் திறனுடையது. பட்டறை வழக்கில் இதைப் பலர் இன்றும் டைனமோ என்றே சொல்கிறார்கள் என்றாலும், கம்யூட்டேட்டர் வைத்த உண்மையான டைனமோ கார்களை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், சுழலும் பகுதிக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்களும் ஒரே துண்டாகப் பின்பக்கம் பொருந்தியிருந்தன. இதற்கு முன் பார்த்தவர்கள் பேட்டரியைத் தவிர ரெகுலேட்டரையும் ஒருமுறை மாற்றியிருந்தார்கள். பெல்ட்டையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, 13.7 வோல்ட் காட்டியதும், "சார்ஜ் ஆகிறது" என்று முடித்திருக்கிறார்கள். அந்த 13.7 பொய்யான அளவு அல்ல. ஆனால் எந்தச் சுமையும் இல்லாதபோது, ஒரே ஓர் இடத்தில் எடுத்த அளவு என்பதால், அதைக் கொண்டு ஆல்டர்னேட்டருக்கு நற்சான்று கொடுத்ததுதான் இரண்டு பேட்டரிகளின் செலவாக முடிந்தது.

விளக்கு சொன்ன செய்தி

மங்கிய விளக்கு ஏன் முதன்மையான தடயம் என்பதை விளக்க, இவ்வகை ஆல்டர்னேட்டரின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. சுழலும் ரோட்டாரின் காயிலுக்கு, பிரஷ்கள் உரசும் ஸ்லிப் ரிங் என்னும் வளையங்கள் வழியாகச் சில ஆம்பியர் மின்னோட்டம் போகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம், சுற்றியிருக்கும் ஸ்டேட்டரின் மூன்று காயில்களில் மும்முனை மாறுமின்னோட்டத்தைப் பிறப்பிக்கிறது. அதை நேர்மின்னோட்டமாக மாற்றுபவை, ஒரே திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் ஆறு பெரிய டையோடுகள். மூன்று நேர்ப்பக்கம், மூன்று எதிர்ப்பக்கம். இந்த ஆறின் வழியே வருவது பி பிளஸ் என்னும் தடித்த போல்ட்டுக்குப் போய், அங்கிருந்து கனமான கேபிள் வழியாகப் பேட்டரியை அடைகிறது. இவை தவிர மூன்று சிறிய டையோடுகள் அதே ஸ்டேட்டரிலிருந்து தனியாக மின்சாரம் எடுத்து டி பிளஸ் என்னும் சிறிய முனைக்குத் தருகின்றன. ரோட்டாருக்கான மின்சாரமும் ரெகுலேட்டருக்கான அளவும் இந்த டி பிளஸிலிருந்துதான் கிடைக்கின்றன. ஒன்பது டையோடு வகை என்று இதைச் சொல்வது இதனால்தான்.

சார்ஜ் விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் பேட்டரியோடும் மறுமுனை டி பிளஸோடும் இணைந்திருக்கிறது. சாவியைத் திருப்பும்போது டி பிளஸில் ஒன்றும் இல்லாததால், பேட்டரியிலிருந்து விளக்கின் வழியே ரோட்டாருக்குச் சிறிது மின்னோட்டம் ஓடி, முதல் காந்தத்தை ஊட்டுகிறது, விளக்கும் எரிகிறது. எஞ்சின் ஓடி டி பிளஸும் பேட்டரியும் சமமாகிவிட்டால், விளக்கின் இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம், எனவே அணைகிறது. ஆக, இந்த விளக்கு 'சார்ஜ் உண்டு, இல்லை' என்று இரண்டே வார்த்தை பேசும் கருவி அன்று. டி பிளஸுக்கும் பேட்டரிக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒளிரும் ஓர் எளிய வோல்ட்மீட்டர் அது. 12 வோல்ட் பல்பு ஒன்று மங்கிய சிவப்பில் கனல்கிறது என்றால், அதன் இரு முனைகளுக்கும் இடையே ஒன்றரை, இரண்டு வோல்ட் நிற்கிறது என்று பொருள். அந்த வேறுபாடு எந்தப் பக்கம் கூடுதல், எங்கே உருவாகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே வேலையின் பாதி.

அளக்கத் தொடங்குமுன் பேட்டரியை ஐயத்திலிருந்து விடுவிக்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் அது 12.25 வோல்ட் காட்டியது. ஏறத்தாழப் பாதி சார்ஜ். அதை வெளியில் எடுத்து முழுமையாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வில் விட்ட பிறகு 12.66 வந்தது. சுமைச் சோதனைக் கருவியில், அதன் குளிர் ஸ்டார்ட் மின்னோட்டத் திறனில் பாதியளவு சுமையை 15 விநாடி கொடுத்தபோதும் 10.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. அறை வெப்பநிலையில் 9.6-க்கு மேல் நின்றாலே தேர்ச்சிதான். பேட்டரி நல்லது, பட்டினி கிடந்தது, அவ்வளவே. எல்லாவற்றையும் அணைத்து வைத்தபோது அதிலிருந்து கசிந்த மின்னோட்டம் 28 மில்லியாம்பியர். பழைய வண்டியின் கடிகாரமும் ரேடியோவும் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இது பொருந்தும். டையோடு ஏதேனும் பின்னோக்கிக் கசிந்திருந்தால் இந்த எண் பெருகியிருக்கும் என்பதால், அந்த ஐயமும் இங்கேயே பெரும்பாலும் நீங்கியது.

பெல்ட்டில் வழுக்கல் இல்லை. மாறாக, அது தேவைக்கு மேல் இறுகியிருந்தது. கட்டைவிரலால் நடுவில் நன்றாக அழுத்தினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் தாழ வேண்டிய இடத்தில் 4 மில்லிமீட்டர்தான் தாழ்ந்தது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

மூன்று இடங்களில் மீட்டர்

முழு சார்ஜான பேட்டரியைத் திரும்பப் பொருத்தி, எஞ்சினை நிமிடத்துக்கு 2000 சுற்றில் நிறுத்தி, ஹெட்லைட்டின் உயர்கற்றை, உள்விசிறியின் முழு வேகம், பின்கண்ணாடிச் சூடேற்றி ஆகிய மூன்றையும் போட்டோம். பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு இறங்கியது. நேர்மின்னோட்டத்தை அளக்கக்கூடிய கிளாம்ப் மீட்டரை (வீட்டு மின்சாரத்துக்கான சாதாரணக் கிளாம்ப் மீட்டர் இதற்கு உதவாது) ஆல்டர்னேட்டர் கேபிளில் மாட்டியபோது 28 ஆம்பியரும், பேட்டரி கேபிளில் மாட்டியபோது வெளியேறும் திசையில் 11 ஆம்பியரும் காட்டின. வண்டியின் தேவை 39 ஆம்பியர். 55 ஆம்பியர் எந்திரம் 28-ஐக் கொடுத்துவிட்டு நின்றுவிட, மீதியைப் பேட்டரி தன் கையிருப்பிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தது. இரவில் ஓட்டிய ஒவ்வொரு மணி நேரமும் பேட்டரிக்கு நட்டக் கணக்கு என்பது இப்போது எண்களாகத் தெரிந்தது.

இந்த நிலையை மாற்றாமல், மீட்டரின் கறுப்பு முனையை ஆல்டர்னேட்டரின் உலோக உடலில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம். டி பிளஸில் 14.2 வோல்ட். பி பிளஸ் போல்ட்டின் தலையில் 13.3. பேட்டரியின் நேர்முனையில் 12.45. ஒரே எந்திரத்திலிருந்து புறப்படும் மின்சாரம் மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. விளக்கின் மங்கிய ஒளிக்கு இதுவே விளக்கம்: 14.2-க்கும் 12.45-க்கும் இடையே உள்ள 1.75 வோல்ட் வேறுபாட்டால் மின்னோட்டம் அதன் வழியே, வழக்கத்துக்கு மாறான திசையில், டி பிளஸிலிருந்து பேட்டரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டரை மாற்றியும் பயனில்லாமல் போனதும் இதனால்தான். ரெகுலேட்டர் பார்ப்பது டி பிளஸை, அங்கே 14.2 இருப்பதால், தன் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று அது நிறைவோடு இருந்துவிட்டது. பேட்டரியின் பசி அதற்குத் தெரிய வழியே இல்லை.

எதிர்ப்பக்கம் குறை இல்லை; ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 0.06 வோல்ட் மட்டுமே இருந்தது. நேர்ப்பக்கத்தில் இரண்டு வேறுபாடுகள் எஞ்சின: பி பிளஸிலிருந்து பேட்டரி வரை 0.85 வோல்ட், டி பிளஸுக்கும் பி பிளஸுக்கும் இடையே 0.9 வோல்ட். முதலாவது எந்திரத்துக்கு வெளியே, இரண்டாவது உள்ளே. இரண்டும் தனித்தனிக் குறைகள் என்றே அப்போது நினைத்தேன்.

வெளியே இருப்பதை முதலில் பிடித்தோம். மீட்டரின் ஒரு முனையைப் பி பிளஸ் போல்ட்டிலேயே வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கேபிள் நெடுகிலும் படிப்படியாக நகர்த்தினால் வீழ்ச்சி எங்கே நிகழ்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே அதிகம் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. போல்ட்டுக்கும், கேபிளின் முனையில் போல்ட்டில் மாட்டுவதற்காக உள்ள உலோக வளையமான லக்கைத் தாண்டியதும் தெரியும் செம்புக் கம்பிக்கும் இடையிலேயே 0.7 வோல்ட் போய்விட்டது. லக்கின் கழுத்தில் ரப்பர் உறை கருகி உரிந்திருந்தது. முன்பு எப்போதோ அந்த லக்கை மாற்றியவர், அதற்குரிய கிரிம்ப் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கியிருக்கிறார். உள்ளே பாதிக் கம்பிகள் பச்சை பூத்து, பிடிப்பின்றி இருந்தன. போல்ட்டின் நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷரும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். 0.7 வோல்ட்டை 28 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 20 வாட். சிறிய ஈயப்பற்றுக் கோல் (சால்டரிங் அயர்ன்) ஒன்றின் சூடு அது. அப்படி ஒரு கோலை மாதக்கணக்கில், வண்டி ஓடும் நேரமெல்லாம், பி பிளஸ் போல்ட்டின் மேல் சாய்த்து வைத்திருந்தது போன்ற நிலை. அகச்சிவப்பு வெப்பமானி, 20 நிமிடச் சுமைக்குப் பின் லக்கில் 131 டிகிரி செல்சியஸும் ஆல்டர்னேட்டரின் உடலில் 84 டிகிரியும் காட்டியது. உடலைவிட அதன் வெளிமுனை சூடாக இருக்கக் காரணமே இல்லை.

பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பிறகே கேபிளில் கைவைத்தோம். இத்தகைய வண்டிகளில் பி பிளஸ் கேபிள், சாவி எந்த நிலையில் இருந்தாலும் பேட்டரியோடு நேராக இணைந்திருப்பதால், ஸ்பானர் உடலில் பட்டாலே வெல்டிங்கைப் போலப் பொறி பறக்கும். சுத்தமான செம்பு தெரியும் வரை கேபிளை வெட்டி, சரியான அளவுள்ள லக்கை அறுகோணக் கிரிம்ப் கருவியால் அழுத்தி, வெப்பத்தால் சுருங்கும் உறை போட்டு, வாஷரோடு முடுக்கினோம். பி பிளஸிலிருந்து பேட்டரி வரையான வீழ்ச்சி 0.85-லிருந்து 0.16 ஆகக் குறைந்தது. அதே சுமையில் பேட்டரி 12.9 வோல்ட்டுக்கு ஏறியது. ஆல்டர்னேட்டர் 36 ஆம்பியர் கொடுத்தது. பேட்டரியிலிருந்து வெளியேறியது 3 ஆம்பியர் மட்டுமே. ஹெட்லைட் கண்ணுக்குத் தெரியும்படி வெளுத்தது.

வேலையை இங்கேயே முடித்துவிட ஆசை வருவது இயல்பு. குறை தெரிந்தது, சரிசெய்தாயிற்று, எண்களும் ஏறிவிட்டன. பல பட்டறைகளில் போனட் இந்நேரம் மூடப்பட்டிருக்கும். ஆனால் இருட்டில் கையால் மறைத்துப் பார்த்தால் விளக்கு இன்னும் கனன்றது; டி பிளஸ் 14.2, பி பிளஸ் 13.1. உள்ளே இருந்த வேறுபாடு அப்படியே நின்றது, சுமை கூடியதால் சற்றுப் பெருகியும் இருந்தது.

சிற்றலை

ஆறு டையோடுகளும் வேலை செய்யும்போது, ரோட்டாரின் ஒவ்வொரு காந்தச் சுழற்சிக்கும் ஆறு சிறு மேடுகள் அடுத்தடுத்து நெருங்கி வருவதால், வெளிவரும் மின்னழுத்தம் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். ஒரு டையோடு துண்டிக்கப்பட்டால் மேடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழும். மீட்டரை மாறுமின்னழுத்த அளவுக்கு மாற்றி அந்த ஏற்ற இறக்கத்தை, அதாவது சிற்றலையை, அளக்கலாம். நல்ல எந்திரத்தில் இது 0.1 வோல்ட்டுக்குள் அடங்கும்; அரை வோல்ட்டைத் தொட்டால் டையோடுப் பக்கம் திரும்ப வேண்டியதுதான். இங்கே 0.62. ஓர் எச்சரிக்கை: மலிவான சில மீட்டர்கள் இந்த அளவில் நேர்மின்னழுத்தத்தையும் சேர்த்து எண்ணி, 28, 30 என்று உளறும். சிவப்பு, கறுப்பு முனைகளை இடம் மாற்றி வைத்தால் சுழி காட்டும் மீட்டரை இவ்வேலைக்கு நம்பக் கூடாது. அல்லது ஒரு சிறிய கெப்பாசிட்டரைத் தொடரில் சேர்த்து அளக்க வேண்டும்.

சிற்றலை, ஒரு டையோடு இல்லை என்றது. டி பிளஸ் உயர்ந்தும் பி பிளஸ் தாழ்ந்தும் இருந்தது, அந்த டையோடு நேர்ப்பக்கத்தது என்றது. காரணம், மூன்று சிறிய டையோடுகளும் மூன்று காயில்களின் உச்சங்களையும் டி பிளஸுக்கு அனுப்புகின்றன. பி பிளஸுக்கோ இரண்டு காயில்களின் உச்சம்தான் கிடைக்கிறது. வழி அடைபட்ட மூன்றாவது காயிலின் உச்சம், இழுக்க ஆள் இல்லாமல், இன்னும் உயரமாக எழும்பி டி பிளஸை மேலே தூக்குகிறது. ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்பே இவ்வளவும் தெரிந்துவிட்டது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் கேபிளைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்த்து ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த வண்டியில் அந்தச் சோதனையை யாராவது செய்திருந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும். ஆல்டர்னேட்டர் நலம் என்ற தவறான முடிவே கிடைத்திருக்கும். அதோடு, பேட்டரி என்னும் தாங்கி திடீரென்று விலகும்போது மின்னழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட் வரை, சில சமயம் 100-ஐயும் தாண்டி எகிறும். பழுதைக் கண்டுபிடிக்கும் வழியாக அல்ல, பழுதை உண்டாக்கும் வழியாகவே அதைக் கருத வேண்டும்.

திறந்து பார்த்தபோது

கழற்றிய ஆல்டர்னேட்டரின் முன், நடு, பின் பகுதிகளின் மேல் நீளவாக்கில் ஒரு கோடு கீறிக்கொண்டோம். திரும்பப் பொருத்தும்போது காதுகள் இடம் மாறினால் பிராக்கெட்டில் உட்காராது. ரெகுலேட்டரைப் பிரஷ்களோடு முதலில் வெளியே எடுத்த பிறகே உடலைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் பேரிங் பின்னுக்கு நகரும்போது பிரஷ் ஒடியும்.

ரோட்டாரின் இரண்டு ஸ்லிப் ரிங்குகளுக்கும் இடையே 3.2 ஓம், ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் தொடர்பே இல்லை. இரண்டும் நலம். ஸ்டேட்டரைப் பொறுத்தவரை மல்டிமீட்டர் சொல்வது குறைவு. காயிலின் தடை ஓமில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பதால், மீட்டரின் ஒயர்களே அதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். சுற்றுகளுக்குள் ஏற்படும் ஷார்ட் அதற்குத் தெரியவே தெரியாது. உடலோடு ஷார்ட் இல்லை என்பதை டெஸ்ட் லாம்ப்பால் உறுதிப்படுத்தி, மற்றதற்குக் கண்ணையும் மூக்கையும் நம்பினோம். மூன்று காயில்களின் வார்னிஷும் ஒரே பழுப்பு நிறம். கருகல் வாடை இல்லை. ஒரு காயில் மட்டும் கறுத்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

டையோடுகளைச் சோதிப்பதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஸ்டேட்டரின் மூன்று முனைகளும் டையோடுத் தட்டில் பற்றியிருக்கும்போதே மீட்டரை வைத்தால், துண்டிக்கப்பட்ட டையோடும் நல்ல டையோடாகத் தெரியும். காயில்களின் வழியே பக்கத்து டையோடு பதில் சொல்லிவிடுகிறது. எனவே முதலில் ஸ்டேட்டர் முனைகளைப் பிரித்தெடுத்தோம். அந்தத் தடித்த செம்பைச் சூடேற்ற 100 வாட் கோல் தேவைப்பட்டது. டையோடு அளவில் மீட்டரை வைத்து, நேர்ப்பக்கத் தட்டிலிருந்து ஒவ்வோர் இணைப்புப் பட்டைக்கும் அளந்தபோது இரண்டு டையோடுகள் ஒரு திசையில் 0.53 வோல்ட்டை ஒட்டியும் மறுதிசையில் திறப்பும் (மின்னோட்டம் போக வழியில்லை என்று) காட்டின. பி பிளஸ் போல்ட்டுக்கு மிக அருகில் இருந்த மூன்றாவது, இரு திசையிலும் திறந்தே இருந்தது. எதிர்ப்பக்க மூன்றும், சிறிய மூன்றும் நலம்.

எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது என்று அந்தத் தட்டை ஒதுக்கி வைத்து, புதியதற்குச் சொல்லிவிட இருந்தேன். மாற்றுத் தட்டின் அளவுக்காகப் பழையதைத் துடைத்தபோதுதான், அந்த மூன்றாவது டையோடின் கால் இணைப்புப் பட்டையோடு பற்றியிருக்கும் இடத்தில், காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்பு வட்டம் கண்ணில் பட்டது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் அது தெளிவான விரிசல். மீட்டரின் முனையைப் பட்டையிலிருந்து எடுத்து நேராக டையோடின் காலிலேயே வைத்தால் 0.53, பட்டையில் வைத்துக்கொண்டு, காலை ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அழுத்தினாலும் 0.53, விட்டால் திறப்பு. டையோடு சாகவில்லை. அதற்கும் பட்டைக்கும் இடையே இருந்த ஈயப்பற்றுதான் வெடித்திருந்தது.

தனித்தனி என்று நினைத்த இரண்டு குறைகளும் ஒன்றுக்கொன்று உறவு என்பது இங்கேதான் புரிந்தது. பி பிளஸ் போல்ட் நேர்ப்பக்க டையோடுத் தட்டிலேயே நேராக முடுக்கப்பட்டிருக்கிறது. லக்கில் பிறந்த அந்த 20 வாட் சூடு, வெளியே போக இடமில்லாமல் போல்ட் வழியாகத் தட்டுக்குள் இறங்கியிருக்கிறது. டையோடின் சூட்டை வாங்கி வெளியேற்றவே அந்தத் தட்டு இருக்கிறது. அதற்கே வெளியிலிருந்து சூடு ஊட்டப்பட்டால், போல்ட்டை ஒட்டியுள்ள டையோடின் பற்று, ஒவ்வொரு பயணத்திலும் விரிந்து, ஆறும்போது சுருங்கி, நாளடைவில் களைத்துப் போய் வெடிப்பதில் வியப்பில்லை. தொலைவில் இருந்த இரண்டு பற்றுகளிலும் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. ஆனால் விரிசல் இல்லை. போல்ட்டிலிருந்து விலக விலகச் சேதம் குறைந்த இந்த வரிசையே என் ஊகத்துக்கு ஆதாரம். டையோடு இழந்த எந்திரம் மீதி இரண்டின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற, அவற்றின் ஆயுளும் குறையத் தொடங்கியிருக்கும். புதிய ஆல்டர்னேட்டர் ஒன்றை வாங்கி அந்தப் பழைய லக்கையே அதில் மாட்டியிருந்தால், அதற்கும் இதே கதிதான்.

பழுதுநீக்கல்

தட்டை மாற்றுவதா, பற்றை மட்டும் புதுப்பிப்பதா என்பது விவாதத்துக்குரியது. ஐயம் இருந்தால் முழுத் தட்டையும் மாற்றுவதே பொதுவாகச் சரி. இங்கே கிடைத்த மாற்றுத் தட்டில் போல்ட் துளைகள் சற்று விலகியிருந்தன. துளையை அரம் போட்டு இழுத்தால் தட்டு உடலோடு முழுமையாக ஒட்டாது, சூடு இறங்காது. எனவே பழைய தட்டை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, ஆறு பெரிய டையோடுகளையும் வெந்நீராவி போன்ற சூடான காற்றில் 100 டிகிரி வரை சூடேற்றி மறுபடி அளந்தோம். குளிர்ந்திருக்கும்போது தேர்ச்சி பெற்று, சூட்டில் தோற்கும் டையோடு உண்டு. சிலிக்கான் டையோடின் முன்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கும் என்பதால், 0.53 காட்டியவை 0.39 அருகே வர வேண்டும். ஆறும் அப்படியே, சீராக இறங்கின. மறுதிசையில் எதுவும் கசியவில்லை. அதன்பின் தயக்கமின்றி, எல்லாப் பற்றுகளிலும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலையும் பட்டையையும் சுரண்டிப் பளபளப்பாக்கி, 227 டிகிரியில் உருகும் வெள்ளீய-செம்புக் கலவையால் புதிதாகப் பற்றவைத்தோம். பழைய வெள்ளீய-காரீயக் கலவை 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். பற்றவைக்கும்போது டையோடின் காலைப் பிளேயரால் கவ்விப் பிடித்தது, சூடு உள்ளே ஏறாமல் தடுக்க.

பிரஷ்கள் பிடியிலிருந்து 6 மில்லிமீட்டர் நீண்டிருந்தன. 5-க்குக் கீழே போனால் மாற்றியே தீர வேண்டும் என்ற நிலையில், திறந்த எந்திரத்தில் அவற்றை விட்டுவைப்பது சிக்கனம் ஆகாது, மாற்றினோம். ஸ்லிப் ரிங்கில் நகம் தட்டும் பள்ளம் இல்லாததால் நுண்ணிய எமரித் தாளால் மெருகேற்றியது போதுமாக இருந்தது. பேரிங்குகள் இரண்டும் கெட்டிருந்தன, ஆனால் வெவ்வேறு விதமாக. பின்பக்கத்ததில் கிரீஸ் வறண்டு மெழுகாகியிருந்தது. டையோடுத் தட்டின் பக்கம் அது இருப்பதால் சூட்டின் வேலை என்று கொள்ளலாம். முன்பக்கத்ததில் கிரீஸ் நன்றாகவே இருந்தது, ஆனால் கையால் சுழற்றினால் கரகரத்தது. மாதக்கணக்கில் அதை ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்த இறுகிய பெல்ட்தான் குற்றவாளி. வழுக்கல் என்று யாரோ ஐயப்பட்டு, அளக்காமல் இறுக்கியதற்கு விலை அது.

பொருத்தும்போது ஒரு பிழை செய்தேன். பி பிளஸ் போல்ட் உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில், போல்ட் உடலைத் தொடாமல் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக் புஷ் உண்டு. அதைக் கழுவி ஓரமாக வைத்தவன், வைத்த இடத்தையே மறந்து, எல்லாவற்றையும் முடுக்கிவிட்டேன். வண்டியில் ஏற்றும் முன் போல்ட்டுக்கும் உடலுக்கும் இடையே மீட்டரை வைப்பது வழக்கம். கறுப்பு முனை போல்ட்டிலும் சிவப்பு முனை உடலிலும் இருக்கும்போது, தொடரில் உள்ள இரண்டு டையோடுகள் சேர்ந்து 1 வோல்ட்டுக்கு அருகில் காட்டியிருக்க வேண்டும், காட்டியது சுழி. அந்த நிலையில் பேட்டரியை இணைத்திருந்தால் புதிய லக்கும் கேபிளும் புகையாகியிருக்கும். மறுபடி பிரித்து, புஷ்ஷைப் போட்டு, மறுபடி அளந்த பிறகே எந்திரம் வண்டிக்குப் போனது. பெல்ட்டை 10 மில்லிமீட்டர் தாழும்படி வைத்தோம்.

சுமையின்றி 14.2 வோல்ட். அதே மூன்று சுமைகளுடன், அதே 2000 சுற்றில், பேட்டரியில் 13.9 வோல்ட், ஆல்டர்னேட்டர் கொடுத்தது 45 ஆம்பியர், அதில் 5 ஆம்பியர் பேட்டரிக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஐடிலிங்கில் முழுச் சுமையோடு 13.3 வந்தது, இந்தத் திறனுள்ள பழைய எந்திரத்திடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது முறையல்ல. டி பிளஸுக்கும் பி பிளஸுக்கும் இடையே 0.05 வோல்ட்டும் இல்லை. சிற்றலை 0.04. 20 நிமிடச் சுமைக்குப் பின் லக்கின் வெப்பம் 68 டிகிரி, உடலைவிடக் குறைவு. விளக்குகளை அணைத்த பட்டறையில், கையால் மறைத்துப் பார்த்தபோதும் சார்ஜ் விளக்கு முழுக்க இருண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து, இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.62 வோல்ட் காட்டியது. ஆறு மாதம் கழித்துப் பி பிளஸிலிருந்து பேட்டரி வரையான வீழ்ச்சியை மட்டும் அதே சுமையில் மீண்டும் அளந்தோம்: புதிய லக்கைப் பொருத்திய அன்று இருந்த அதே 0.16, கொஞ்சமும் ஏறவில்லை.